கார்லோ ஸாவுலி: ஜாடியைச் சிற்பமாக்கிய ஃபாயென்ஸாக்காரர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் நவீன மட்பாண்டக் கலையைப் பற்றிப் பேச்சு வந்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது லூச்சியோ ஃபொந்தானா. அவர் ஓவியர், சிற்பி. மண்ணுக்கும் வந்து போனவர். கார்லோ ஸாவுலி அப்படி வந்து போனவர் இல்லை. பள்ளியில் படித்ததும் மண், பட்டறை வைத்ததும் மண், கடைசி வரை சூளைக்குப் பக்கத்திலேயே இருந்தார். அந்தத் தொழிலின் சக்கரத்தையும் கிளேஸையும் (சுட்டதும் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) நெருப்பையும் கொண்டே அவர் சிற்பத்துக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பற்றித் தமிழில் எழுத எனக்கு ஆசை வந்ததும் அதனால்தான். புதிதாக அறிய வருபவர்களிடம் எழும் கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

கார்லோ ஸாவுலி யார்?

1926 ஆகஸ்டில் இத்தாலியின் ஃபாயென்ஸா நகரில் பிறந்தவர். 2002 ஜனவரியில் அதே ஊரில் இறந்தார். ஐம்பதுகளில் வெள்ளைப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டும் மயோலிக்கா செய்பவராகத் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் முடிவில் உயர்வெப்பத்தில் சுட்டுக் கல்லாக்கும் ஸ்டோன்வேருக்கு மாறி, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அதில் பெரிய சிற்பங்களைச் செய்தார். இத்தாலியின் முக்கியமான மட்பாண்டப் பரிசான ஃபாயென்ஸா பரிசை 1953, 1958, 1962 என்று மூன்று முறை வென்றார். ஜப்பானில் அவருக்கு இருந்த மதிப்பு இத்தாலிக்கு வெளியே வேறு எங்கும் கிடைத்ததைவிட அதிகம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஃபாயென்ஸா எப்படிப்பட்ட ஊர்?

வட இத்தாலியில் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியில், ரவென்னா மாவட்டத்தில், லமோனே ஆற்றின் கரையில் இருக்கும் சிறிய நகரம். போலோன்யாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சுற்றிலும் உழவு நிலம். தெற்கே போனால் மழை அரித்து வரிவரியாகப் பிளந்து நிற்கும் களிமண் குன்றுகள். நல்ல மண் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் நூற்றாண்டுக் கணக்கில் இங்கே மட்பாண்டத் தொழில் நடந்து வருகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் இந்த ஊர்ப் பட்டறைகள் ஒரு துணிச்சலான காரியம் செய்தன. அதுவரை தட்டு, கிண்ணம் முழுக்கப் படம் வரைந்து நிரப்புவதுதான் வழக்கம். ஃபாயென்ஸாக்காரர்கள் தடித்த பால்வெள்ளைப் பூச்சைப் பூசி, மேலே சில கோடுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். விர்ஜிலியோத்தோ கலமெல்லியின் பட்டறை இதில் பேர்பெற்றது. 'ஃபாயென்ஸா வெள்ளை' என்று ஐரோப்பா முழுதும் அது விலை போயிற்று. நானூறு ஆண்டுகள் கழித்து இதே ஊர்க்காரர் ஒருவர் இன்னொரு வெள்ளைக்காகப் பெயர் வாங்கினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1908-ல் காயெத்தானோ பல்லார்தீனி என்பவர் இங்கே சர்வதேச மட்பாண்ட அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். 1944 மே மாதத்தில் குண்டுவீச்சில் அது நொறுங்கிப் போனது. சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது. போர் முடிந்ததும் பல்லார்தீனி உலகெங்கும் கடிதம் எழுதி நன்கொடையாகப் பொருட்களைச் சேர்த்து மறுபடியும் எழுப்பினார். பிக்காஸோ செய்த தட்டுகளும் அப்படித்தான் ஃபாயென்ஸாவுக்கு வந்தன. ஸாவுலி தொழில் பழகிய காலத்தில் அவருடைய ஊர் இந்த நிலையில்தான் இருந்தது: பழைய பெருமை ஓட்டாஞ்சில்லாகக் கிடக்க, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கே படித்தார்? பட்டறை எப்படி வந்தது?

ஊரிலேயே இருந்த மட்பாண்டக் கலைப்பள்ளியில் படித்தார். அதைத் தொடங்கியவரும் பல்லார்தீனிதான். அந்தக் காலத்தில் சிற்பி ஆஞ்செலோ பியாங்கீனி அங்கே கற்பித்துக்கொண்டிருந்தார். மண் கலவை, கிளேஸ் வேதியியல், சூளை என்று எல்லாவற்றையும் பாடமாகச் சொல்லிக்கொடுத்த பள்ளி அது. ஸாவுலியின் பிற்காலச் சிற்பங்களை வெறும் கற்பனை வீச்சாகப் பார்ப்பவர்கள் இந்தப் படிப்பை மறந்துவிடுகிறார்கள். 1949-ல் நண்பர்களோடு சேர்ந்து ஊரில் இருந்த ஒரு பட்டறையை எடுத்து நடத்தத் தொடங்கினார். பின்னாளில் அதே பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார்.

மயோலிக்காவில் பேர் வாங்கியவர் ஏன் அதை விட்டார்?

மயோலிக்கா என்பது ஏறத்தாழ 900-லிருந்து 1000 டிகிரி செல்சியஸுக்குள் சுடும் மண். சுட்ட பிறகும் உள்ளே நுண்துளைகள் இருக்கும். மேலே வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு. அந்த வெள்ளையின்மேல் தூரிகையால் வண்ணம். அழகான வேலைதான். ஆனால் அதில் மண் ஒளிந்துகொள்கிறது. பார்ப்பவர் கண்ணில் படுவது பூச்சும் படமும் மட்டுமே. அடியில் இருப்பது எந்த மண், அதை எந்தக் கை எப்படி அழுத்தியது என்பதெல்லாம் வெள்ளைக்குள் போய்விடும்.

ஸாவுலிக்கு மண் தெரிய வேண்டியிருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் அவர் உயர்வெப்பச் சூட்டுக்கு வந்தார். அன்றைக்கு இத்தாலியில் அது எளிதான முடிவு இல்லை. ஸ்டோன்வேருக்குச் சீனா, கொரியா, ஜப்பான், ஜெர்மனியின் ரைன் கரை ஆகிய இடங்களில் நீண்ட மரபு உண்டு. இத்தாலியில் அப்படி ஒன்று கிடையாது. கலவை, கிளேஸ், சூளை ஓட்டும் முறை என்று ஒவ்வொன்றையும் தானே சோதித்துப் பார்த்துத்தான் அவர் முன்னே போக வேண்டியிருந்தது.

ஸ்டோன்வேர் என்றால் சரியாக என்ன?

நம் வீட்டில் ஊறுகாய் போட்டு வைக்கும் பழுப்பும் வெள்ளையுமான கனத்த ஜாடி ஸ்டோன்வேர்தான். நாம் அதைப் பீங்கான் ஜாடி என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். உப்பும் எண்ணெயும் புளிப்பும் மாதக்கணக்கில் கிடந்தும் கசியாமல் இருக்கிறதே, அந்தக் குணம்தான் ஸ்டோன்வேரின் அடையாளம்.

1200 டிகிரியும் அதற்கு மேலும் சுடும்போது மண்ணில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் உருகிக் கண்ணாடியாகி, மற்ற துகள்களுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். சூடு ஆறியதும் மண் கல்லாகிவிடும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சாதாரண சுடுமண் பானை நீரை வியர்க்கும், இது வியர்க்காது. சிற்பிக்கு இதில் கிடைக்கும் லாபம் வேறு: வெளியில் மழையிலும் பனியிலும் நிற்க வைக்கலாம். துளைகளுக்குள் நீர் புகுந்து உறைந்து வெடிப்பது ஐரோப்பியக் குளிரில் மயோலிக்காவுக்கு எமன். ஸ்டோன்வேர் அதைத் தாங்கும்.

அதோடு, கிளேஸும் மண்ணும் இந்தச் சூட்டில் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன. பூச்சு மேலே ஒரு சட்டையாக நிற்காமல் தோலாகிவிடுகிறது. ஸாவுலியின் வேலைக்கு இது உயிர்நாடி.

'ஸாவுலி வெள்ளை' என்கிறார்களே, அது என்ன?

அவர் ஆண்டுக்கணக்கில் சோதித்துக் கண்டடைந்த ஒரு கிளேஸ். வெள்ளை என்று பெயர் இருந்தாலும் அது பால்வெள்ளை கிடையாது. சாம்பல் கலந்த, பாதி மங்கலான வெள்ளை. கிளேஸ் தடிப்பாக நிற்கும் இடத்தில் பனி படிந்தது மாதிரி இருக்கும். விளிம்பிலும் மேட்டிலும் மெலிந்த இடத்தில் அடியிலிருக்கும் மண்ணின் பழுப்பும் துருவும் மேலே எட்டிப் பார்க்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஸ்டோன்வேர் மண்ணில் இரும்பு ஆக்சைடு இருக்கும். சூளைக்குள் வேண்டிய அளவு காற்றுப் போனால் இரும்பு செம்பழுப்பாக நிற்கும். ஆனால் காற்றைக் குறைத்து எரித்தால் எரிவாயு முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த வாயு ஆக்சிஜனுக்கு அலையும். வெளியில் கிடைக்காததால் மண்ணிலும் கிளேஸிலும் இருக்கும் இரும்பு ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கும். அப்போது இரும்பின் நிறம் சாம்பலுக்கும் நீலச்சாம்பலுக்கும் மாறும். கூடவே அது எளிதில் உருகும் பொருளாகிக் கிளேஸுக்குள் புள்ளி புள்ளியாகக் கசியும். சூளை ஆறும்போது காற்று மறுபடி உள்ளே வந்தால், கிளேஸ் மெல்லியதாக உள்ள விளிம்புகள் மட்டும் திரும்பவும் துரு நிறம் கொள்ளும். இதற்குக் குறைப்புச் சூடு என்று பெயர். மின்சூளையில் இயல்பாக வராது. எரியும் நெருப்பு வேண்டும்.

ஆகவே ஸாவுலி வெள்ளையின் அழகு டப்பாவில் அடைத்து விற்கக்கூடிய நிறத்தில் இல்லை. எந்த மண், எத்தனை தடிப்பு, எந்த நேரத்தில் காற்றை மூடினார்கள், வடிவத்தின் மேடு எங்கே என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த மேற்பரப்பு உருவாகிறது. அவர் வடிவங்களில் ஏன் அத்தனை மடிப்பும் மேடும் என்பதற்கும் பாதிப் பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வழவழப்பான உருளைமேல் இந்தக் கிளேஸைப் பூசினால் அதற்குப் பேச வாய்ப்பே கிடைக்காது. விளிம்பு வேண்டும், பள்ளம் வேண்டும். அப்போதுதான் வெள்ளை தேங்கவும் விலகவும் முடியும்.

பாக்தாத், குவைத் வேலைகள் பற்றிச் சொல்கிறார்களே?

ஐம்பதுகளின் கடைசியில் பாக்தாத் அரண்மனைக்கும் குவைத் அரசு அச்சகத்துக்கும் பெரிய புடைப்புச் சுவர்கள் செய்ய அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மேசைமேல் வைக்கும் பொருளிலிருந்து சுவரளவுக்குப் போக அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பயிற்சி இவை. ஒரு சுவரை மண்ணில் செய்வதென்றால் துண்டு துண்டாகச் செய்து, சுட்டு, அடுக்கிப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

'நிலைகுலைந்த ஜாடிகள்' என்றால் என்ன?

இத்தாலியில் 'வாஸி ஸ்கொன்வோல்தி' என்று அழைக்கப்படும் வரிசை. நிலைகுலைந்த, புரட்டிப்போடப்பட்ட ஜாடிகள் என்று வைத்துக்கொள்ளலாம். அறுபதுகளில் தொடங்கிய இந்த வரிசைதான் ஸாவுலியின் இதயம் என்பது என் கட்சி.

முதலில் சக்கரத்தில் ஒழுங்கான ஜாடி ஒன்றை எழுப்புவார். வட்டமான வாய், நேரான உடல், எல்லாம் பள்ளியில் கற்றபடி. மண் ஈரம் குறைந்து, ஆனால் இன்னும் வளையும் பதத்தில் இருக்கும்போது அதை அழுத்துவார், பிளப்பார், மடிப்பார், ஒரு பக்கத்தைச் சரியவிடுவார். உள்ளேயிருந்து ஏதோ ஒரு விசை தள்ளியது போல உடல் புடைக்கும், வாய் கோணும், தோள் அலையாகச் சுருளும். ஆனாலும் அது ஜாடி என்பது தெரிந்துகொண்டே இருக்கும். இதில்தான் அவருடைய திறமை. முழுக்கக் கலைத்துவிட்டால் வெறும் மண்குவியல். கலைக்காமல் விட்டால் கடையில் வாங்கும் ஜாடி. இரண்டுக்கும் நடுவில், சக்கரத்தின் சமச்சீர் எவ்வளவு மிச்சம் இருந்தால் அது குலைந்ததை நாம் உணர்வோமோ அவ்வளவு மட்டும் விட்டுவைக்கிறார்.

மண்ணுக்கு நினைவு உண்டு என்று குயவர்கள் சொல்வார்கள். அது உண்மையும்கூட. சக்கரத்தில் சுழன்று எழுந்த ஜாடியில் களிமண்ணின் தட்டையான துகள்கள் சுழற்சியின் திசையில் அணிவகுத்திருக்கும். சூட்டில் சுருங்கும்போது அந்த முறுக்கு லேசாக அவிழும். கையால் வளைத்த இடம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். சக்கரத்தில் எழுப்பியதை வளைத்துச் சிற்பம் செய்பவர் இந்த இழுபறியோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். ஸாவுலியின் ஜாடிகளில் தெரியும் திமிறலுக்கு இதுவும் ஒரு காரணம். அவர் அந்தத் திமிறலை அடக்கவில்லை. அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வடிவத்தைக் கொண்டுபோனார்.

அப்புறம் 'ப்ரிமாரி'?

ஆதி வடிவங்கள். கோளம், கனசதுரம், தூண் போன்ற அடிப்படை வடிவங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் பரப்பில் அலைகளையும் பிளவுகளையும் எழுப்பினார். ஒழுங்கான வடிவகணிதத்துக்குள்ளிருந்து ஒழுங்கற்ற ஏதோ ஒன்று வெளியே வரப் பார்க்கிறது. ஜாடிகளைவிட இவை அமைதியானவை, கனமானவை. எனக்கு ஜாடிகளே நெருக்கம். ஆனால் பொதுவெளிச் சிற்பமாக நிற்பதற்கு இந்த வடிவங்களுக்கு இருக்கும் கம்பீரத்தை மறுக்க முடியாது.

'மண்கட்டிகள்' வரிசை எங்கிருந்து வந்தது?

எழுபதுகளில் செய்த 'ஸொல்லே', அதாவது உழவில் புரண்ட மண்கட்டிகள். ரொமாஞ்ஞா சமவெளியின் கனத்த களிமண் நிலத்தில் கலப்பை இறங்கும்போது, கொழு அறுத்த பக்கம் வழவழவென்று ஒளிரும். புரண்டு விழுந்த பக்கம் பொரபொரவென்று உடைந்து கிடக்கும். ஒரே கட்டியில் இரண்டு முகம். ஸாவுலி இந்த இரண்டையும் அப்படியே ஸ்டோன்வேருக்குக் கொண்டுவந்தார். அவருடைய மண்கட்டிகளில் ஒரு பக்கம் வளைந்து வழுக்கிக்கொண்டு போகும். மறுபக்கம் கிழிந்து, கரடுமுரடாக, கிளேஸ் இல்லாமலோ மெலிந்தோ இருக்கும்.

ஊரைச் சுற்றியுள்ள நிலம்தான் மூலம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குயவுத் தொழில் என்றாலே வயலிலோ குளத்திலோ மண்ணை வெட்டி எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, பிசைந்து, அது மண்ணாக இருந்த சுவடே தெரியாமல் ஒரு பொருளாக்குவது. ஸாவுலி அந்தப் பாதையில் எதிர்த்திசையில் நடந்தார். தொழிலின் எல்லாத் திறமையையும் செலவழித்து, மண்ணை மறுபடி மண்ணாகவே காட்டினார். ஜாடி நிலைகுலைந்து, உடைந்து, கடைசியில் வயலுக்கே திரும்பியது. இருபது ஆண்டு வேலையை இப்படி ஒரே கோட்டில் பார்க்க முடிகிற கலைஞர்கள் குறைவு.

இவை ஜாடிகளா, சிற்பங்களா?

இரண்டும்தான், ஆனால் காலவரிசையில் தராசு சிற்பத்தின் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. ஆரம்ப ஜாடிகளில் பூ வைக்கலாம். நிலைகுலைந்தவற்றில் சிலவற்றில் தண்ணீர் நிற்கும், ஆனால் யாரும் ஊற்ற மாட்டார்கள். மண்கட்டிகளில் அந்தப் பேச்சே கிடையாது.

ஐம்பதுகளில் இத்தாலிய விமர்சனத்தில் மட்பாண்டம் என்றால் 'சின்னக் கலை', கைவினை என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அதிலிருந்து தப்பிக்கப் பலரும் பாத்திர வடிவத்தையே கைவிட்டார்கள். ஸாவுலி ஜாடியை வைத்துக்கொண்டே அந்த எண்ணத்தோடு சண்டை போட்டார். இது கடினமான வழி, நேர்மையான வழியும்கூட.

இத்தனை கனமான துண்டுகள் சூளையில் வெடிக்காமல் இருப்பது எப்படி?

மூன்று நான்கு இடங்களில் ஆபத்து இருக்கிறது. முதலாவது ஈரம். வெளியே காய்ந்தது போல் இருக்கும் தடித்த மண்ணுக்குள் நீர் தங்கியிருக்கும். 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி வெளியேற வழியில்லாமல் துண்டையே சிதறடிக்கும். அதனால் பெரிய வேலைகளை உள்ளே குடைவாகத்தான் கட்டுவார்கள். வாரக்கணக்கில் மெதுவாகக் காய வைப்பார்கள்.

அடுத்தது சுருக்கம். ஸ்டோன்வேர் மண் ஈரப்பதத்திலிருந்து சுட்டு முடிவதற்குள் பொதுவாகப் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் சுருங்கும். ஒரு மீட்டர் உயரச் சிற்பம் பத்து சென்டிமீட்டர் குறையும் என்றால் உள்ளே எவ்வளவு இழுவிசை இருக்கும் என்று பாருங்கள். இதைக் குறைக்க, ஏற்கனவே சுட்ட மண்ணை இடித்துச் சலித்த குருணையை மண்ணோடு கலப்பார்கள். குருணை இன்னொரு முறை சுருங்காது. மண்ணுக்கு எலும்பு மாதிரி நிற்கும். உடைந்த பரப்பில் தெரியும் சொரசொரப்பும் அதன் கொடைதான்.

ஆறும்போதும் கவனம் வேண்டும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் சட்டென்று அளவு மாறும். அந்த இடத்தை வேகமாகக் கடந்தால், சூட்டையெல்லாம் தாங்கி வந்த சிற்பம் கடைசியில் விரிசல் விட்டுவிடும். அவசரப்பட்டுச் சூளையைத் திறப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தொழிற்சாலைகளுக்கும் வேலை செய்தாராமே?

ஆமாம். அறுபதுகளில் ஃபாயென்ஸாவில் எழுந்த 'லா ஃபாயென்ஸா' என்ற டைல்ஸ் நிறுவனத்தோடு நெருக்கமாக இருந்து சுவர்களுக்கும் தரைக்கும் வடிவங்கள் கொடுத்தார். ஜெர்மனியின் ரோஸன்தால் பீங்கான் நிறுவனத்துக்கும் வடிவமைத்தார். அந்தக் காலத்தில் எமிலியாவின் ஸஸ்ஸுவோலோ பகுதியை மையமாகக் கொண்டு இத்தாலிய டைல்ஸ் தொழில் பெரிதாக வளர்ந்துகொண்டிருந்தது. கலைஞர்களைத் தேடிப் போய் வடிவம் கேட்ட காலம். ஸாவுலி இதைத் தன் சிற்பத்துக்குக் கீழான வேலையாக எண்ணியதாகத் தெரியவில்லை. புடைப்பு, மடிப்பு, அலை ஆகிய அவருடைய சொந்த மொழியே டைல்ஸிலும் வருகிறது.

ஜப்பானில் ஏன் இவ்வளவு மதிப்பு?

எழுபதுகளிலேயே அங்கே அவருடைய கண்காட்சிகள் நடந்தன. ஸ்டோன்வேரும் உயர்வெப்பச் சூடும் ஜப்பானியர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். நெருப்பு தன் போக்கில் விட்டுச்செல்லும் தடயத்தை ரசிக்கும் கண் அவர்களுக்கு ஏற்கனவே இருந்தது. அதற்கு மேல், 1948-ல் கியோட்டோவில் யாகி கஸுவோவும் நண்பர்களும் தொடங்கிய ஸோதெய்ஷா குழு, பாத்திரத்தின் பயன்பாட்டை விட்டு மண்ணைச் சிற்பமாக்கும் விவாதத்தை அங்கே கிளப்பியிருந்தது. ஆகவே ஸாவுலி போனபோது அவர் கேட்ட கேள்வியை ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எதிரில் இருந்தார்கள். இத்தாலியில் 'இது ஜாடியா சிற்பமா' என்று ஆரம்பத்திலிருந்து வாதாட வேண்டியிருந்தது. ஜப்பானில் அந்தப் பேச்சைத் தாண்டி நேராக வேலைக்குள் போக முடிந்தது.

அவர் மறைந்த பிறகு, 2007-ல் கியோட்டோவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் வேலைகளைப் பெரிய கண்காட்சியாக வைத்தது. அது டோக்கியோ உட்பட மற்ற ஜப்பானிய நகரங்களுக்கும் போனது.

அவருடைய காலத்து மற்ற இத்தாலியர்களோடு எப்படி வேறுபடுகிறார்?

நான்கு பேரைச் சொல்கிறேன். லூச்சியோ ஃபொந்தானா முப்பதுகளிலிருந்தே மட்பாண்டத்துக்குப் பேர்போன இன்னொரு இத்தாலிய ஊரான அல்பிஸோலாவில் மண்ணில் வேலை செய்தவர். 1959-60-ல் பெரிய மண் உருண்டைகளைச் செய்து அவற்றைக் கிழித்தும் துளைத்தும் 'நாத்தூரே' வரிசையை உருவாக்கினார். அவருக்கு முக்கியம் அந்த ஒரு வெட்டு, அந்தச் சைகை. பிறகு அவற்றை வெண்கலத்திலும் வார்த்தார். அதாவது மண்தான் வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

லியோன்சில்லோ லியோனார்தி (1915–1968) வேறு வகை. அவருடைய மண் அடிபட்ட உடல். வெனிஸில், பாசிசத்தை எதிர்த்துப் போராடிய பெண் போராளிகளுக்காக அவர் செய்த மட்சிற்பத்தை 1961-ல் நவபாசிஸ்டுகள் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அவர் வேலையில் வரலாற்றின் காயம் நேரடியாகத் தெரியும். ஃபவுஸ்தோ மெலோத்தி மெல்லிய, இசை போன்ற வடிவங்களின் ஆள். ஃபாயென்ஸாவிலும் படித்த நன்னி வலெந்தீனி (1932–1985) ஸாவுலிக்கு அடுத்த தலைமுறைக்கு நெருக்கமானவர். மண்ணைப் பற்றி அவர் சிந்தித்தது தத்துவத்துக்கு அருகில் போகிறது.

இவர்களோடு வைத்துப் பார்த்தால் ஸாவுலி சூளைக்காரர். கிளேஸும் சூடும் இல்லாமல் அவர் வடிவத்தைக் கற்பனை செய்ய முடியாது. அவருடைய ஜாடி ஒன்றை வெண்கலத்தில் வார்த்தால் பாதி செத்துப்போகும்.

அமெரிக்காவில் பீட்டர் வோல்கோஸ் கிட்டத்தட்ட இதே ஆண்டுகளில் ஸ்டோன்வேர் ஜாடிகளைக் கிழித்தும் அடுக்கியும் சிற்பமாக்கினார். அவர் ஸாவுலியைவிட இரண்டு வயது மூத்தவர்; இருவரும் 2002-ன் தொடக்கத்தில் ஒரு மாத இடைவெளியில் இறந்தார்கள். வோல்கோஸின் வேலையில் முரட்டுத்தனம் அதிகம். ஸாவுலி எவ்வளவு குலைத்தாலும் அலை போன்ற ஒரு தாளம் மிஞ்சும்.

அவருடைய பட்டறை இப்போது என்ன ஆனது?

ஃபாயென்ஸாவின் வியா தெல்லா குரோச்சே தெருவில் இருந்த அந்தப் பட்டறையை, அவர் இறந்த 2002-லேயே குடும்பத்தினர் அருங்காட்சியகமாக்கினார்கள். மகன் மத்தேயோ ஸாவுலி அதை வழிநடத்தினார். சிற்பங்களை வரிசையாக அடுக்கிப் பூட்டி வைக்காமல், சூளைகளும் மண் வைத்த இடமும் கிளேஸ் வைத்த இடமும் இருந்தபடியே இருக்கும் இடமாக அதைக் காப்பாற்றினார்கள். அதைவிட நல்ல காரியம், சமகாலக் கலைஞர்களை, பெரும்பாலும் இதற்குமுன் மண்ணைத் தொடாதவர்களை, அழைத்துத் தங்கவைத்து ஊரின் கைவினைஞர்களோடு சேர்ந்து வேலை செய்ய விட்டது. ஒரு கலைஞர் வீட்டை நினைவிடமாக்குவது சுலபம். அங்கே தொடர்ந்து மண் பிசையப்படுவதுதான் ஸாவுலிக்குப் பொருத்தம்.

2023 மே மாதம் ரொமாஞ்ஞாவில் பெய்த பெருமழையில் லமோனே ஆறு கரையுடைத்து ஃபாயென்ஸா மூழ்கியது. ஸாவுலி அருங்காட்சியகத்துக்குள்ளும் வெள்ளமும் சேறும் புகுந்தன. சுட்ட ஸ்டோன்வேரைச் சேறு ஒன்றும் செய்யாது, கழுவினால் போய்விடும். காகிதத்துக்கும் சுடாத மண்ணுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால்?

ஃபாயென்ஸாவுக்கே போவது நல்லது. போலோன்யா–ரிமினி ரயில் பாதையில் இருக்கிறது. ஸாவுலி அருங்காட்சியகம், சர்வதேச மட்பாண்ட அருங்காட்சியகம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். பெரிய அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பது என் சிபாரிசு. பதினாறாம் நூற்றாண்டின் அந்த வெள்ளைத் தட்டுகளைப் பார்த்த கண்ணோடு ஸாவுலி வெள்ளைக்குப் போனால் இரண்டுக்கும் உள்ள தூரம் புரியும். இரட்டைப்படை ஆண்டுகளில், செப்டம்பர் வாக்கில் 'அர்ஜில்லா' என்ற மட்பாண்டச் சந்தை ஊர் முழுக்க நடக்கும். மட்பாண்டத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது திருவிழா. ஆனால் அருங்காட்சியகத்தில் நிதானமாக நிற்க நினைப்பவர்கள் கூட்டம் இல்லாத வேறு மாதத்தில் போகலாம்.

புகைப்படத்தில் பார்த்தால் போதாதா?

தொடங்குவதற்குப் போதும். ஆனால் புகைப்படம் இரண்டு விஷயங்களில் கைவிடும். ஒன்று, வெள்ளை. ஸ்டூடியோ விளக்கில் எடுத்த படத்தில் அந்தச் சாம்பல் ஏற்ற இறக்கமெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது, பின்பக்கம். நிலைகுலைந்த ஜாடிக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியது இன்னொரு பக்கம் புடைத்து வெளியே வந்திருக்கும். சுற்றி வந்தால்தான் அந்தக் கணக்கு பிடிபடும். ஒரே வேலையை மூன்று நான்கு கோணங்களில் காட்டும் கண்காட்சிப் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். படத்தில் விளிம்புகளை முதலில் பாருங்கள்: துரு நிறம் எங்கே தொடங்குகிறது, கிளேஸ் எங்கே தேங்கி நின்றிருக்கிறது, கை அழுத்திய தடம் எந்தப் பக்கம் போகிறது என்று.